கால்பங்கு வெள்ளி

அருங்காட்சியக ஊழியர் கல்லிமோர் பழைய காசு ஒன்றை, உலோகம் சோதிக்கும் புதுக் கருவிக்குள் வைத்து மூடினார். திரையைப் பார்த்தவர் புருவத்தை உயர்த்தினார்.

"டிம்ப்னா, கொஞ்சம் இங்க வாங்க. இது போலியே இல்ல."

டிம்ப்னா காட் எழுந்திருக்கவில்லை. எந்தக் காசு என்றும் கேட்கவில்லை. அயர்லாந்தில், வெக்ஸ்ஃபோர்ட்டின் அந்தச் சிறிய அருங்காட்சியகத்தில் பழங்காசு என்றால் முப்பது வருடமாக அவள் சொல்வதுதான் முடிவு.

"கால்பங்கு வெள்ளி, மிச்சம் செம்பு," என்று கல்லிமோர் திரையை வாசித்தார். "ஆயிரத்து ஐந்நூத்தி ஐம்பத்திரண்டாம் வருஷத்துக் கலப்படம் அப்படியே இருக்கு. இதைப் போய் யாரு பித்தளைப் பொம்மைன்னு எழுதி வெச்சது?"

"நான்தான்."

கல்லிமோர் சிரிப்பை விழுங்கிக்கொண்டார். "விடுங்க. எல்லாருக்கும் ஒரு தடவை சறுக்கும். அப்ப இந்த மிஷின் ஏது?"

அவள் பேனாவை மூடி வைத்தாள்.

இந்தக் காசின் காலத்தில்தான், செம்பு கலந்த மட்டக் காசுகளை இங்கிலாந்து கடல் தாண்டி அயர்லாந்தின் தலையில் கட்டியது. காசைச் சுற்றியுள்ள எழுத்துகளுக்கு நடுவே அயர்லாந்தின் சின்னமான யாழ் கடுகளவில் இருந்தால், அது இங்கே புழங்குவதற்காகச் செய்தது என்று கொள்ளலாம். லண்டனில் அடித்ததா டப்ளினில் அடித்ததா என்ற சண்டை இன்னும் ஓயவில்லை. அந்த வகைக் காசு வெக்ஸ்ஃபோர்ட் ஆற்றங்கரைக் கோட்டைப் பக்கம் வந்ததே கிடையாது என்று டிம்ப்னா ஒரு புத்தகமே எழுதியிருந்தாள். புத்தகம் அச்சில் இருந்த வாரத்தில், அதே கோட்டையில் நடந்த அகழாய்வில், ஃபின்டன் ஸ்டாஃபர்ட் என்ற இருபத்துமூன்று வயதுப் பையன் குழிக்குள்ளிருந்து ஒரு காசை எடுத்தான்.

அவள் அதை உருப்பெருக்கியில் வைத்துப் பார்த்தாள். தேய்ந்த விளிம்பில் யாழ் தெரிந்தது. நன்றாகவே தெரிந்தது. பிறகு உட்கார்ந்து, அருங்காட்சியகப் பதிவேட்டிலும் ஆய்விதழிலும் 'அண்மைக்காலப் பித்தளை நகல். யாரோ குழியில் போட்டிருக்கிறார்கள்' என்று எழுதினாள். அந்தக் குழியில் ஃபின்டன் மட்டுமே வேலை செய்தான். ஒரே வாரத்தில் அவனை அனுப்பிவிட்டார்கள். அதன்பின் எந்த அகழாய்விலும் அவனைச் சேர்க்கவில்லை. அது நடந்து பதினெட்டு வருடமாகிறது.

மறுநாள் மத்தியானம் அவள் கில்மோர் துறைமுகத்துக்குக் காரோட்டிப் போனாள். ஃபின்டன் இப்போது படகு இன்ஜின் பழுதுபார்க்கிறான். எண்ணெய்க் கையோடு ரிஸோல் என்ற உருளைக்கிழங்கு உருண்டை ஒன்றைத் தாளில் சுற்றித் தின்றுகொண்டிருந்தவன் அவளைப் பார்த்ததும் மெல்லுவதை நிறுத்தினான்.

"அடடே, பெரிய இடத்துக்காரங்க! இன்ஜின்ல பழங்காசு மாட்டிக்கிச்சா?"

"ஃபின்டன், அந்தக் காசு நிஜம். நேத்து பரிசோதனை பண்ணாங்க."

அவன் கடலைப் பார்த்தான். "எனக்குத்தான் அப்பவே தெரியுமே" என்றான். "சரி, நீங்களும் மனுஷிதான். தப்பாப் பாத்துட்டீங்க. அதை நான் எப்பவோ விட்டுட்டேன். பொண்டாட்டி, பிள்ளைன்னு நல்லாத்தான் இருக்கேன்."

அங்கேயே முடித்துக்கொண்டு திரும்பியிருக்கலாம். தப்பித்துக்கொள்ள அவனே வழிவிட்டான். நன்றி சொல்லிவிட்டு வெளியேற வேண்டியதுதான் பாக்கி. ஆனால் அவள் கால் நகரவில்லை.

"தப்பாப் பாக்கல. யாழைப் பாத்தேன். பாத்துட்டுத்தான் எழுதினேன்."

ஃபின்டன் தாளைச் சுருட்டி உள்ளங்கையில் இறுக்கினான்.

"பாத்தீங்களா?"

"என் புத்தகம்..."

"எங்கப்பா சாகிற வரைக்கும் என்னை நம்பல, தெரியுமா? 'அவ்வளவு படிச்ச அந்தம்மா பொய்யா சொல்லுவா?'ன்னு கேட்டாரு. நானும் உங்க பக்கம்தான் பேசினேன். 'பொய் இல்லப்பா, அவங்களுக்குத் தெரியல'ன்னு சொன்னேன்."

அவள் ஓரடி முன்னால் வந்தாள். அவன் கையைக் காட்டித் தடுத்தான்.

"கிளம்புங்க. எங்க எழுதினீங்களோ அங்கயே எழுதுங்க. என்கிட்ட வந்து அழாதீங்க."

எழுதினாள். ஆய்விதழின் ஆசிரியர் தொலைபேசியில் அழைத்து, "'பிழை நேர்ந்தது'ன்னு போட்டாப் போதுமே, டிம்ப்னா? 'தெரிந்தே மறைத்தேன்'னு எதுக்கு? உங்க பேரு என்னாகும்?" என்று கெஞ்சினார்.

"அந்த வரியை எடுத்தா, கட்டுரையையும் எடுத்துடுங்க" என்றாள்.

வரி அச்சானது. ஆய்வுக் கழகத்திலிருந்து அவளே விலகிக்கொள்வது நல்லது என்று கடிதம் வந்தது, விலகினாள். புத்தகம் கடைகளிலிருந்து போயிற்று. கல்லிமோர் அவளுக்குத் தேநீர் கொண்டுவருவதை நிறுத்தவில்லை. ஆனால் காசு எதையும் காட்டி அபிப்பிராயம் கேட்பதை நிறுத்திவிட்டார். அதுதான் அவளை அதிகம் வதைத்தது. சரிதான் என்றும் பட்டது.

இலையுதிர்காலத்தில் ஒரு சனிக்கிழமை ஃபின்டன் தன் மகளோடு வந்தான். டிம்ப்னா அறையில் இருப்பதைப் பார்த்தும், கல்லிமோரிடமே காசைக் கேட்டான். கல்லிமோர் தட்டில் வைத்து நீட்ட, மகள் உருப்பெருக்கியில் குனிந்தாள்.

"யாழ் இவ்ளோ சின்னதாப்பா?"

"ஆமா, கண்ணு. சின்னதுதான்."

அவன் டிம்ப்னாவின் பக்கம் திரும்பவே இல்லை. அவர்கள் போகும்வரை அவள் எழுந்து நின்றிருந்தாள்.