ஒழுகாத கார்

முப்பது வருஷமாக ஊரார் நிலத்தில் ஓட்டை போட்டுப் பிழைக்கிறவர் என் அப்பா சென்னிமலை. ஆயிரத்து இருநூறு அடி இறக்கியும் வெறும் புழுதி பறந்த இடங்களை ஆந்திராவிலும் சத்தீஸ்கரிலும் எத்தனையோ பார்த்தவர். அப்படிப்பட்டவருக்கு, ஒரு ஓட்டையும் போடாமலே, போன ஐப்பசியில் காருக்குள் தண்ணீர் கிடைத்தது.

அப்போது எங்கள் வீட்டில் பேச்செல்லாம் போர்வெல் போடுகிற இரண்டாவது ரிக் வண்டியைப் பற்றித்தான். கார்த்திகை முதல் வெள்ளிக்கிழமை அதற்குப் பூஜை. அன்றைக்கு அப்பா யார் கையில் சாவியைக் கொடுக்கிறாரோ, அவர்தான் அந்த வண்டிக்கு முழுப் பொறுப்பு. எந்த ஊருக்கு அனுப்புவது, யாரை வேலைக்கு வைப்பது, எத்தனை அடியில் நிறுத்துவது, எல்லாம் அவர் முடிவு. அந்தச் சாவி எனக்கு வேண்டும். மூன்று வருஷமாக ராசிபுரம் ஆபீஸில் உட்கார்ந்து முதல் வண்டியைப் போனிலேயே நடத்திக்கொண்டிருப்பவள் நான். நடுக்காட்டில் வேலை நின்றால் டிரைவர் அப்பாவைக் கூப்பிடுவதில்லை, "வாணிக்கா" என்று என்னைத்தான் கூப்பிடுவார்.

போட்டிக்கு இருந்தது அத்தை மகன் இளவழகன். என்னைவிட ஆறு மாதம் பெரியவன், கல்யாணமாகி ஒரு குழந்தை இருக்கிறது. கெட்டவன் என்று சொல்ல முடியாது. அப்பா எதைச் சொன்னாலும் "ஆமாங்க மாமா" என்பான். அந்த ஒரு தகுதியோடு அவன் எங்கள் வீட்டில் வெகுதூரம் வந்துவிட்டான்.

பூஜையன்று புது ரிக்குக்கு முன்னால் திறந்த காரில் நின்றுகொண்டு போக வேண்டும் என்று அப்பாவுக்கு ஓர் ஆசை. அதற்காக, பெங்களூரில் ஒரு பல் டாக்டர் எட்டு வருஷம் ஓட்டிய சிவப்புக் காரை வாங்கி வந்தார். பொத்தானை அமுக்கினால் துணிக் கூரை தானே மடிந்து பின்னால் போய் உட்கார்ந்துகொள்ளும்.

"கூரை போடறதுக்குத்தான் காசு குடுப்பாங்க. எடுக்கறதுக்குமா குடுப்பாங்க?" என்று கேட்டுவிட்டு அம்மா உள்ளே போய்விட்டார்.

கார் வந்த வாரமே மழை பிடித்துக்கொண்டது. காலையில் பார்த்தால் காருக்கு அடியில் இரண்டு பக்கமும் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. உள்ளே ஒரு பொட்டு ஈரமில்லை. காரோடு வந்த புத்தகத்தை எடுத்துப் படித்தேன். படம் போட்டே விளக்கியிருந்தார்கள்.

"அப்பா, கூரை மேல விழுகற தண்ணி குழாய் வழியா எறங்கி வெளிய போறதுக்குத்தானுங்க அந்த ரெண்டு ஓட்ட. அது சொட்டுனாத்தான் நல்லது. அடைக்கக் கூடாதுங்க."

"ஓட்டையில நல்ல ஓட்ட, கெட்ட ஓட்டைன்னு இருக்குதா சாமி? ஒழுகுனா அடைக்கோணும்."

"ஆமாங்க மாமா," என்றான் இளவழகன்.

நாமக்கல்லில் அப்பாவுக்குத் தெரிந்த லாரிப் பாடி கட்டும் பட்டறை ஒன்று இருக்கிறது. கன்டெய்னர் பாடி கட்டி முடித்ததும் அங்கே ஓர் ஆளை உள்ளே விட்டுக் கதவைச் சாத்துவார்கள். வெளியிலிருந்து சுற்றிச் சுற்றி ஹோஸில் தண்ணீர் அடிப்பார்கள். உள்ளே இருப்பவர் எங்கே சொட்டுகிறது, எங்கே வெளிச்சம் தெரிகிறது என்று பார்த்து அந்த இடத்தில் பசை பூசிவிடுவார். லாரிக்கு அது சரிதான், கோழித் தீவனம் நனையக் கூடாது. எங்கள் காருக்கும் அதே வைத்தியம் நடந்தது. இளவழகன் மல்லாக்கப் படுத்துக் காருக்கடியில் ஊர்ந்து போய் இரண்டு ஓட்டையையும் பசையால் அடைத்தான். பிறகு உள்ளே ஏறிக் கண்ணாடியை ஏற்றிவிட்டு உட்கார்ந்தான். அரை மணி நேரம் தண்ணீர் அடித்தார்கள். அந்த இரண்டு இடத்திலும் ஒரு சொட்டு விழவில்லை. அப்பா பட்டறை முழுக்க டீயும் பஜ்ஜியும் வாங்கிக் கொடுத்தார்.

கூரை மேல் அடித்த தண்ணீரெல்லாம் எங்கே போயிற்று என்று யாரும் கேட்கவில்லை. நான் கேட்டேன்.

"காஞ்சிருக்கும் வாணி," என்றான் இளவழகன்.

பத்து நாள் விடாமல் மழை. பதினோராம் நாள் வெயில் வந்ததும் அப்பா இளவழகனைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு ராசிபுரம் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் போனார். நாலு பேர் பார்க்கிற இடமாக நிறுத்திப் பொத்தானை அமுக்கினார். கூரை பாதி எழுந்து அப்படியே நின்றுவிட்டது. ஹாரன் அடிக்க ஆரம்பித்து நிற்கவே இல்லை. வைப்பர் வெயிலில் கரகரவென்று ஓடியது. கண்ணாடிகள் தாமாக ஏறின, தாமாக இறங்கின.

"ஏனுங்ணா, காருக்குச் சாமி வந்துருச்சுங்களா?" என்று ஒரு பஸ் கண்டக்டர் படியில் நின்றபடி விசாரித்தார். யாரோ ஓடிப்போய் எலுமிச்சம்பழம் வாங்கி வந்து முன்சக்கரத்துக்குக் கீழே வைத்தார்கள்.

ஆபீஸிலிருந்து நான் ஓடிப்போய் முன்மூடியைத் திறந்து பேட்டரி ஒயரைக் கழற்றினேன். சத்தம் நின்றது. அப்பா எலுமிச்சம்பழத்தைத் தொட்டுக் கும்பிட்டார்.

காரை வீட்டுக்கு இழுத்து வந்து நிறுத்தினோம். கதவைத் திறந்தால் ஊறவைத்த கோணிச் சாக்கு நாற்றம்.

"பின் சீட்டக் கழட்டிப் பாருங்கப்பா. அடியில தண்ணி நிக்குதுங்க," என்றேன்.

"மேல ஒழுகல, கீழயும் ஒழுகல. தண்ணி எப்படி சாமி நிக்கும்?" என்றார் அப்பா. அதோடு விடவில்லை. தண்ணீர் சம்பந்தமான சந்தேகம் வந்தால் இருபது வருஷமாக யாரைக் கூப்பிடுவாரோ, அவரையே கூப்பிட்டார்.

நாமகிரிப்பேட்டை கருப்பண்ணன் போர் போடுவதற்கு முன்னால் இடம் பார்த்துச் சொல்கிறவர். உள்ளங்கையில் தேங்காயைப் படுக்க வைத்துக்கொண்டு நிலத்தில் நடப்பார். நீரோட்டம் உள்ள இடத்தில் தேங்காய் எழுந்து நிற்கும். வந்தவர் செருப்பைக் கழற்றிவிட்டுக் காரை மூன்று சுற்றுச் சுற்றினார். பாதி எழுந்து நின்ற கூரைக்குள் கையை நீட்டினார். பின் சீட்டுக்கு மேலே போனதும் தேங்காய் விறைத்து எழுந்தது.

"இங்கீங்க. நல்ல ஊத்துங்க. ஆழமும் சாஸ்தி இல்லீங்க."

அப்பாவின் முகம் மலர்ந்தது. "அப்ப சீட்டக் கழட்டு மாப்ள."

என் பேச்சுக்கு அசையாத சீட்டு தேங்காய் சொன்னதும் கழன்றது. எனக்கு வந்த கோபத்தில் அந்தத் தேங்காயை அங்கேயே உடைத்திருப்பேன்.

அடியில் நாலு விரற்கடைத் தண்ணீர். அதில் கொசுப் புழு நெளிந்துகொண்டிருந்தது. நடுவில் ஒரு கறுப்புப் பெட்டி மூழ்கிக் கிடந்தது. அஸ்தம்பட்டியிலிருந்து வரவழைத்த எலக்ட்ரீஷியன் அதை எடுத்து உதறிப் பார்த்தார்.

"கூரை, கண்ணாடி, ஹாரன் எல்லாத்துக்கும் இதுதானுங்க மூள. பச்சையாப் பூத்துப் போச்சு, இனி ஆவாது. தண்ணி போற வழிய அடைச்சது ஆருங்க?"

நான் ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக்கொண்டு அடியில் படுத்து இரண்டு பசைக் கட்டிகளையும் குத்தித் தள்ளினேன். பத்து நாள் மழை என் தலையிலேயே கொட்டியது. நனைந்து எழுந்து வந்தபோது இளவழகன் பேசிக்கொண்டிருந்தான்.

"நாந்தானுங்க மாமா அடைச்சேன். வாணி அன்னைக்கே வேண்டாம்னு சொல்லுச்சு. நாந்தான் கேக்கல."

எனக்குத் தெரிந்து அப்பாவிடம் அவன் "ஆமாங்க" இல்லாமல் பேசிய முதல் பேச்சு அதுதான். அடைக்கச் சொன்னது மாமா என்று அவன் சொல்லவில்லை. மாமாவும் சொல்லவில்லை. அப்பா என்னைப் பார்த்தார், அவனைப் பார்த்தார், வெகுநேரம் யோசித்தார். சாவி எனக்குத்தான் என்று அன்றைக்கு முடிவே செய்துவிட்டேன். சந்தோஷத்தில் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடக்கூட முடியவில்லை.

வெள்ளிக்கிழமை அப்பா ரிக்குக்கு முன்னால் நடந்தேதான் வந்தார். கற்பூரம் காட்டி முடித்ததும் சாவியைக் கையில் எடுத்துக்கொண்டு கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினார். நான் சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு ஓரடி முன்னால் நின்றேன்.

"தப்புப் பண்ணுனவன் பத்துப் பேரு முன்னால ஒத்துக்கறதுன்னா லேசில்லீங்க. தொழில் பண்ணறவனுக்கு அந்த மனசுதான் மொதல்ல வேணும். வா மாப்ள."

எல்லாரும் கை தட்டினார்கள். இளவழகன் என்னைப் பார்த்தான். வாய் திறந்து எதையோ சொல்ல வந்தவன், பழக்கத்தில் "ஆமாங்க மாமா" என்று சொல்லிச் சாவியை வாங்கிக்கொண்டான்.

பந்தியில் ஆட்கள் உட்கார்ந்த பிறகு அப்பாவிடம் போனேன்.

"அப்பா, நானும் ஏதாச்சும் தப்புப் பண்ணியிருந்தா எனக்குக் குடுத்திருப்பீங்களா?"

அவர் என் தலையைத் தடவினார். முகத்தில் அத்தனை பெருமை.

"நீ எதுக்கு சாமி தப்புப் பண்ணற? என்ற புள்ள இதுவரைக்கும் ஒரு தப்புப் பண்ணுனதில்லையே. போ, வண்டிய எங்கெங்க அனுப்பறதுன்னு அவனுக்குக் கொஞ்சம் சொல்லிக் குடு."