ஒரு துண்டு குறைந்த கேக்

ராஜினி சுடும் கேக் எல்லாம் ஒரு துண்டு குறைந்துதான் அடுப்பிலிருந்து வெளியே வரும். வைக்கும்போது கலவை தட்டு நிறைய இருக்கும். வெந்து வரும்போது, கத்தி போட்டு வெட்டி எடுத்த மாதிரி ஒரு துண்டைக் காணாது. தண்ணீரூற்று ஊரில் இப்போது இதை யாரும் பெரிதாக எடுப்பதில்லை. ஆரம்பத்தில் புருஷன் நடராசாவைச் சந்தேகித்தார்கள். பாவம், மனுஷனுக்குச் சீனி வருத்தம், இனிப்பைத் தொடுவதில்லை. பிறகு அடுப்புக்கு முன்னால் கதிரை போட்டுக் காவல் இருந்தும் பார்த்தார்கள். போன துண்டு போனதுதான்.

குறை அடுப்பில் இல்லை, வாசனைத் தூளில்தான் என்பது ராஜினிக்குத் தெரியும். அந்தத் தூளின் பக்குவம் பக்கத்து வீட்டு சபூறாவுடையது. தொண்ணூறாம் ஆண்டு ஆயுதங்களோடு வந்த இயக்கத்தார் முஸ்லிம் சனத்தை ஊரை விட்டுப் போகச் சொன்னபோது, சபூறா மகளையும் கையில் பிடித்துக்கொண்டு வேலிக்கரையில் நின்று, புதிதாகக் கலியாணமாகி வந்திருந்த ராஜினிக்கு அதைச் சொல்லிவிட்டுப் போனாள். கறுவா இவ்வளவு, ஏலம் இவ்வளவு, சாதிக்காய், கராம்பு, வறுத்த பெருஞ்சீரகம். அந்தப் பக்கத்துப் பெண்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. பக்குவம் சொன்னால் ஒரு சாமானை விட்டுவிட்டுத்தான் சொல்வார்கள். சரிவராமல் போனவள் திரும்பக் கேட்க வருவாள்; வந்தால் ஒரு தேத்தண்ணியும் குடித்து, கதைத்துவிட்டுப் போவாள், அவ்வளவுதான் நோக்கம். உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு போகிற அவசரத்திலும் சபூறா பழக்கத்தை விடவில்லை. ஒரு கிழமையில் திரும்பிவிடலாம் என்றுதான் எல்லோரையும் போல அவளும் நினைத்தாள். புத்தளத்தில் இருபது வருஷம் இருந்து, அங்கேயே மௌத்தானாள்.

இடையில் ராஜினி, சண்டைக்குப் பயந்து ஓடிப்போய் இருந்த இடமெல்லாம் மணல் பரப்பிய தாச்சியில் வைத்து, மேலும் கீழும் தணல் போட்டுக் கேக் சுட்டாள். பதுங்கு குழிக்குப் பக்கத்தில் சுட்டதும் துண்டு குறைந்தே வந்தது. மிச்சம் இருக்கிறதே என்று அப்போது சனம் சந்தோஷப்பட்டது. மகள் நிரோஜாவுக்குக் கனடா மாப்பிள்ளை பொருந்திய பிறகுதான் ராஜினிக்கு நெஞ்சிடி தொடங்கியது. கலியாணக் கேக் மூளியாக வந்தால் மாப்பிள்ளை வீட்டார் என்ன நினைப்பார்கள்? கடையில் வாங்கலாம் என்று சொன்ன குற்றத்துக்காக நடராசாவோடு அவள் கொஞ்சக் காலம் பேசவே இல்லை.

சபூறாவின் மகள் பஸ்லியா பழைய காணியைத் துப்புரவாக்கிக் குடும்பத்தோடு திரும்பி வந்தது அந்த வருஷம்தான். விட்டுப்போன சாமான் எதுவென்று ராஜினி ஓடிப்போய்க் கேட்டாள்.

“என்ர கேக்கும் அப்பிடித்தான் அக்கா,” என்றாள் பஸ்லியா. “உம்மா எனக்கும் ஒண்டை விட்டிட்டுத்தான் சொன்னவா. கடைசியிலை கேட்டன். வாய் இழுத்திட்டுது, அவவாலை சொல்லேலாமப் போச்சு.”

இருவரும் தத்தம் தூளைச் சொல்லிப் பார்த்தார்கள். பஸ்லியாவின் தூளில் பெருஞ்சீரகம் இல்லை. ராஜினியின் தூளில் காயவைத்த தோடம்பழத் தோல் இல்லை. சந்தோஷம் தாங்காமல் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். எல்லாவற்றையும் சேர்த்து இடித்து, கலியாணத்துக்கு றிச் கேக் சுட்டார்கள். அடுப்பைத் திறந்தபோது ஒரு துண்டைக் காணவில்லை. முந்தியதைவிடக் கொஞ்சம் மெல்லிய துண்டு.

“உம்மாவுக்குச் சொல்லிக் குடுத்தவவும் ஒண்டை விட்டிருப்பா,” என்றாள் பஸ்லியா. “அவவை இனி எங்க போய்த் தேடுறது?”

ராஜினி குசினி நிலத்தில் குந்தியிருந்து குழறி அழுதாள். வேறு செய்வதற்கு ஒன்றும் இருக்கவில்லை.

ஐசிங் போட்டு இடைவெளியை நிரப்பினார்கள். நிரப்பிய ஐசிங்கும் காணாமல் போனது. கலியாண மண்டபத்தில் மாப்பிள்ளையின் தாய் கேக்கைச் சுற்றி வந்து பார்த்தாள். ராஜினியும் பின்னாலேயே சுற்றினாள்.

“எங்கட வீட்டுக் கேக்கும் இப்பிடித்தான் வாறது,” என்று சொல்லிவிட்டு அந்த அம்மாள் தன் கதிரையில் போய் இருந்தாள்.

நிரோஜா கனடாவுக்குப் புறப்பட்ட அன்று, விமான நிலையத்துக்குப் போகும் வான் வண்டியில் ஏறுவதற்கு முன் தாயிடம் பக்குவம் கேட்டாள். இவளுக்காவது ஒன்றையும் மறைக்காமல் சொல்வதென்று ராஜினி பிள்ளையாருக்குச் சத்தியம் பண்ணியிருந்தாள். கறுவா, ஏலம், கராம்பு, பெருஞ்சீரகம், தோடம்பழத் தோல் எல்லாம் அளவோடு சொன்னாள். சாதிக்காய்க்கு வரும்போது மகளின் முகத்தைப் பார்த்தாள். அதை மட்டும் சொல்ல வாய் வரவில்லை.

“அவ்வளவுதானே அம்மா?”

“ஓம் பிள்ளை. அவ்வளவுதான்.”

மாரி தொடங்கிய நேரம் கனடாவிலிருந்து போனில் படம் வந்தது. நிரோஜா சுட்ட முதல் கேக்கில் இரண்டு துண்டுகளைக் காணவில்லை. மிச்சத்தை மருமகனின் கூட்டாளிமார் நல்லாயிருக்கு என்று சாப்பிட்டார்களாம்.