கம்பளி பாதி, அகிலன் பாதி

பள்ளங்கி கிராமத்துப் பிள்ளைகள் போன மாசம் ஒரே நாளில் எடை கூடினார்கள். யாரும் ஒரு வாய்கூட அதிகமாகச் சாப்பிடவில்லை. பெருமாள்மலையில் ஓர் அறக்கட்டளை அலுவலகத்தில் உட்கார்ந்து அகிலன் ஒரு ஃபார்முலா போட்டான், அவ்வளவுதான்.

அந்த அறக்கட்டளை மலைக் கிராமங்களில் சின்னப் பிள்ளைகளுக்கு மாதாமாதம் எடை பார்க்கும். வயசுக்கேற்ற எடை இல்லாவிட்டால் சத்துமாவு கொடுக்கும். எடைகளை எக்செல்லில் ஏற்றுவது அகிலன் வேலை. பொறுப்பாளர் சிவமுருகனுக்குத் தசமப் புள்ளி என்றாலே ஆகாது. கண்ணில் தூசி விழுந்த மாதிரி இருக்கிறதாம். எல்லாவற்றையும் முழு எண்ணாக்கச் சொன்னார். மேலே ஏற்றவா, கீழே இறக்கவா என்று அகிலன் கேட்டதற்கு, வளர்கிற பிள்ளைகளை எவனாவது இறக்குவானா என்று திருப்பிக் கேட்டார். அகிலன் ரவுண்ட்அப் போட்டான். புள்ளிக்குப் பின்னால் துளி இருந்தாலும் அடுத்த முழு எண்ணுக்குத் தூக்கிவிடுகிற ஃபார்முலா அது. எடை குறைந்து சிவப்பில் இருந்த பாதிப் பிள்ளைகள் பச்சைக்கு வந்தார்கள். சிவமுருகன் எல்லாருக்கும் பஜ்ஜி வாங்கிக் கொடுத்தார்.

இந்த மாசம் வள்ளி வந்தாள். பள்ளங்கியில் பூண்டுக் காட்டு வேலைக்குப் போகிறவள். இடுப்பில் மூன்று வயசு மகள் தமிழ்மதி. பிள்ளைக்கு மாவு நின்றுபோயிருந்தது.

"மாவப் பெரியவுக யாரும் திங்கலீங்க. இவளுக்குத்தான் காய்ச்சிக் குடுத்தேன். எதும் தப்பா நெனச்சு நிறுத்திட்டீங்களோன்னு வந்தேன்" என்றாள்.

அகிலன் பார்த்தான். தமிழ்மதி, பதினொரு கிலோ, பச்சை. அவள் வயசுக்குப் பத்தே முக்காலுக்குக் கீழே இருந்தால்தான் மாவு. பிள்ளை தேறிவிட்டாள், சந்தோஷப்படுங்கள் என்றான். வள்ளி சந்தோஷப்பட முயன்றாள். பிள்ளை அவள் தோளில் துவண்டு கிடந்தது.

அகிலன் எழுந்து வந்தான். மூலையிலிருந்த எடை மெஷினில் பிள்ளையை நிறுத்தினான். பத்து புள்ளி இரண்டு. அப்போதுதான் இரண்டு ஸ்வெட்டர், குல்லா, சாக்ஸ் எல்லாம் அவன் கண்ணில் பட்டன. இதோடுதான் எப்போதும் எடை பார்க்கிறார்களா என்று கேட்டான்.

"ஆமாங்க. இந்தக் குளுருல கழட்டுனா சளி புடிச்சுக்கிரும்ல."

கதவைச் சாத்தி, ஹீட்டரைப் போட்டு, எல்லாவற்றையும் கழற்றி மறுபடி நிறுத்தினார்கள். ஒன்பது புள்ளி ஆறு. பதினொன்றுக்கு ஏறிய மிச்சத்தில் பாதி கம்பளி. பாதி அகிலன்.

அவன் ஃபார்முலாவை அழித்தான். ஷீட் மறுபடி சிவந்தது. பிள்ளைக்கு உடையை மாட்டி, அவளையும் லேப்டாப்பையும் தூக்கிக்கொண்டு சிவமுருகன் அறைக்குப் போனான். வள்ளி பின்னாலேயே ஓடினாள்.

"ஏலே, நாளைக்குச் சென்னையில இருந்து நன்கொடைக்காரங்க வாராங்க. இத்தன செவப்பக் காட்டுனா, இவ்வளவு நாளா என்ன கிழிச்சீங்கன்னு கேக்க மாட்டாங்களா?" என்றார் சிவமுருகன்.

வேலை போனால் அப்பாவிடம் என்ன சொல்வது என்று அகிலன் ஒரு நிமிஷம் யோசித்தான். பிள்ளையை நீட்டினான்.

"நம்ம கணக்குல இவ பதினொரு கிலோ. கொஞ்சம் தூக்கிப் பாருங்க சார்."

பதினொரு கிலோவுக்குத் தயாராகித் தூக்கிய கை, நினைத்ததைவிட மேலே போய்விட்டது. தமிழ்மதி சிரித்தாள். சிவமுருகன் சிரிக்கவில்லை.

"எக்செல்ல எதையும் மேல தூக்கிரலாம் சார். புள்ளையச் சோறுதான் தூக்கணும்" என்றான் அகிலன்.

மறுநாள் சிவப்பு ஷீட்டையே காட்டினார்கள். வந்தவர்கள் முகம் சுளித்தார்கள். பிறகு, இன்னும் எவ்வளவு மாவு தேவைப்படும் என்று கேட்டார்கள். கேள்வி இவ்வளவு சுலபமாக வரும் என்று சிவமுருகன் எதிர்பார்க்கவில்லை. எடை பார்க்கும் பெண்களைக் கூப்பிட்டு, இனிமேல் கணப்பு மூட்டிய அறையில் ஸ்வெட்டரைக் கழற்றித்தான் நிறுக்க வேண்டும் என்றார்.

"கொறையிருந்தா கொறைன்னே எழுதுங்கம்மா. நாம மறைச்சா நம்ம பேரு நல்லாருக்கும், புள்ளைக்கு மாவு வராது."

சில மாதங்கள் கழித்துத் தமிழ்மதியின் கட்டத்தில் பத்து புள்ளி மூன்று என்று வந்தது. இன்னும் சிவப்புதான். சிவமுருகன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அந்தப் புள்ளியை வெகுநேரம் பார்த்தார். தூசி உறுத்துகிறதா என்று அகிலன் கேட்டான்.

"தொடாதலே," என்றார் அவர். "அது அவ தின்னு சேத்தது."