வேம்பு வாங்கி வந்த கயிறு

செங்கொடிக்கு வீடு பிடித்திருந்தது, தெருதான் பிடிக்கவில்லை. தெருவுக்கும் அவளைப் பிடிக்கவில்லை என்பது வேறு விஷயம்.

ராயபுரத்தில் வெள்ளைக்காரன் காலத்து ஓட்டு வீடு அது. பாரம்பரியக் கட்டடம் என்று அரசாங்கம் பட்டியலில் சேர்த்துவிட்டதால் இடித்து மாடி கட்ட முடியாது. அதனாலேயே விலை குறைந்து, பெரம்பூர் ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்க்கும் அவள் புருஷன் பீம்ராவின் கைக்கு எட்டியது.

பின்னால் நல்ல தண்ணீர்க் கிணறு. பழைய சொந்தக்காரர் சவரிநாதன் இருந்தவரை தெருவே அதில்தான் மொண்டது. செங்கொடி வாசலில் புத்தர் படம் மாட்டினாள். அதிலேயே சாதி தெரிந்துபோனது; மறுநாளிலிருந்து ஒரு குடம்கூட வரவில்லை.

எதிர்வீட்டு வேம்பு வாய்விட்டே சொன்னாள். "புளியந்தோப்பு ஆளுங்க தொட்ட கெணறு இன்னாத்துக்கு? மூடிட்டுப் போ."

"வூட்ட வித்துட்டுப் பூடலாமா?" என்றான் பீம்ராவ்.

"இது என் வூடு. எவளுக்கோசரமும் போமாட்டேன். கெணத்தத்தானே மூடணும்? மூடறேன்."

உடம்பெல்லாம் எரிய, ஒரு லாரி மண்ணுக்குச் சொல்லிவிட்டாள். மண் வந்த நேரம் பார்த்துப் பாரம்பரியக் கட்டட அதிகாரியும் வந்து நின்றார். துணிக்கொடி கட்டப் பழைய சுவரில் செங்கொடி ஆணி அடித்தாளாம் என்று வேம்பு மனு போட்டிருந்தாள்.

"ஆணியப் பிடுங்கும்மா. கிணத்துல ஒரு கூடை மண்ணு விழுந்தாலும் கேஸ்தான்."

லாரி திரும்பிப் போனது. வேம்பு வாசலில் நின்று சிரித்தாள். சிரிக்கட்டும்.

அந்தக் கோடையில் புழல் ஏரி வறண்டது. குழாயில் வெறும் காற்று வந்தது. தண்ணீர் லாரி வந்தால் குடுமிப்பிடிச் சண்டை.

ஒரு காலை வேம்பு இடுப்பில் குடமும் தோளில் கயிறும் வாளியுமாக உள்ளே வந்தாள். அவளை முன்னே விட்டு, கேட்டருகே நாலைந்து பெண்கள் குடத்தோடு நின்றார்கள்.

"நானே எறச்சிக்கறேன். உன் கயிறு, வாளி ஒண்ணும் வாணாம். புச்சா வாங்கியாந்துகீறேன்."

அவள் போட்ட மனுவால் பிழைத்த கிணறு! செங்கொடிக்குச் சிரிப்பு வந்தது. ஆத்திரம் அதைவிட அதிகமாக வந்தது.

"கயிறு உன்னுது. தண்ணி யாருது?"

வேம்பு தோளில் கிடந்த கயிற்றை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"என் வாளில, என் கையால மொண்டு ஊத்துவேன். வோணும்னா புடி. இல்லாங்காட்டி லாரியாண்ட போய் நில்லு."

வேம்பு கேட்டைத் திரும்பிப் பார்த்தாள். யாரும் உதவிக்கு வரவில்லை. கயிற்றைக் கீழே போட்டுவிட்டுக் குடத்தை நீட்டினாள், முகத்தை மட்டும் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு.

செங்கொடி நிறைந்த வாளியைச் சாய்க்காமல் பிடித்திருந்தாள்.

"மூஞ்சிய இந்தாண்ட திருப்பு. அப்பால ஊத்தறேன்."