வயர்லெஸ்ஸில் கேட்ட விடுப்பு

காலை ஒன்பது மணிக்குப் போர்ட் பிளேர் அலுவலகத்தில் வயர்லெஸ் பெட்டி இரையத் தொடங்கியதும் குமாஸ்தா பக்தவத்சலம் ஆஜர் பதிவேட்டைத் திறந்துகொள்வார். பாராடாங் தீவின் சாலை வேலை முகாமிலிருந்து ஆபரேட்டர் தாமஸ் ஒவ்வொரு பெயராகப் படிப்பான். வந்தவர், வராதவர், விடுப்பு கேட்பவர். பெட்டி வருவதற்கு முன்பு மாதம் ஒருமுறை பக்தவத்சலமே படகேறிப் போய், கொட்டகையில் உட்கார்ந்து, நாற்பது பேரையும் தனித்தனியே கூப்பிட்டுப் பேசுவார். யார் சாக்குச் சொல்கிறார், யாருக்கு உண்மையிலேயே முடியவில்லை என்பது முகத்தைப் பார்த்தால் தெரிந்துவிடும். அறுபத்தாறில் பெட்டி வந்தது. இனி எதற்கு அலைச்சல் என்று அதிகாரி பயணத்தை நிறுத்தினார். கடலில் குமட்டலெடுக்கும் பக்தவத்சலத்துக்கு அது நிம்மதியாகத்தான் இருந்தது. இரண்டு வருடத்தில் பழைய ஆட்கள் போய்ப் புதியவர்கள் வந்தார்கள். அவர்களை அவர் பெயர்களாக மட்டுமே அறிந்திருந்தார்.

அந்த ஆனியில் மூன்று பேர் மூச்சு வாங்குகிறது என்று விடுப்பில் போர்ட் பிளேர் வந்து சினிமாக் கொட்டகையில் அகப்பட்டார்கள். நான்காவதாகக் குழந்தைவேலுவின் பெயர் வந்தது.

"இவருக்கும் மூச்சு வாங்குதாம் பாபுஜி. இன்னைக்கு போட்ல அனுப்பலாமா? ஓவர்."

"எல்லாருக்கும் ஒரே வியாதியா? அடுத்த வாரம் பாக்கலாம். ஓவர்."

சிறிது இரைச்சல். பிறகு வந்தது தாமஸின் குரல் இல்லை.

"சார், நான்தான் குழந்தைவேலு. ஒரு தடவ என்னை நேர்ல பாருங்க சார். பாத்துட்டு முடியாதுன்னு சொல்லுங்க."

பக்கத்து மேஜையிலிருந்து பேசுவதுபோல் அவ்வளவு தெளிவாக இருந்தது. பக்தவத்சலம் பொத்தானை அழுத்தினார்.

"ஒண்ணும் கேக்கல. நாளைக்குப் பேசலாம்."

பெட்டியை அணைத்துவிட்டார்.

நான்காம் நாள் தாமஸ் படித்துக்கொண்டே வந்து அந்தப் பெயரில் நின்றான். "விடியக்காலைல போயிட்டாரு பாபுஜி" என்றான். ஓவர் சொல்ல மறந்துவிட்டான்.

அதன் பிறகு பெட்டியின் இரைச்சலுக்குள் யாரோ மூச்சிழுப்பது பக்தவத்சலத்துக்குக் கேட்கத் தொடங்கியது. பதிவேட்டில் குழந்தைவேலுவின் வரிசையில் புது ஆளின் பெயர் ஏறியும் அந்த இடத்தில் பேனா நின்றது. வீட்டில் சோற்றைப் பிசைந்துகொண்டிருக்கும்போதும் கேட்டது.

பதினாறு நாள் கழித்து ஊருக்குள் லம்பா லைன் குடியிருப்பிலிருந்து குழந்தைவேலுவின் மனைவி விசாலாட்சி அலுவலகத்துக்கு வந்தாள்.

"கடைசியா உங்ககிட்டப் பேசினாருன்னு ஆபரேட்டர் சொன்னாரு. அன்னைக்கு லைன் சரியில்லையாமே."

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். பக்தவத்சலம் எழுந்து நின்றார்.

"லைன் நல்லாத்தாம்மா இருந்துச்சு."

கேட்ட வார்த்தைகளை ஒன்று விடாமல் சொன்னார். தான் சொன்னதையும் சொன்னார். விசாலாட்சி அந்தப் பெட்டியைப் பார்த்தாள்.

"அவர நீங்க பாத்ததே இல்லையா?"

"இல்லம்மா."

"நல்ல ஒசரம். வாசல்ல குனிஞ்சுதான் வருவாரு" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

முகாமுக்குப் போய்வரக் கேட்டதற்கு, பெட்டி இருக்கும்போது எதற்கு என்று அதிகாரி அனுமதி மறுத்தார். பக்தவத்சலம் தன் சொந்த விடுப்பை எழுதிக்கொடுத்துவிட்டு ஃபீனிக்ஸ் பே படகுத்துறையில் படகேறினார். வழியில் இரண்டு முறை வாந்தி எடுத்தார். பாராடாங் துறையில் சிலர் கல் இறக்கிக்கொண்டிருந்தார்கள். யாரும் அவரைக் கவனிக்கவில்லை.

"நான் பக்தவத்சலம்" என்றார்.

குரலைக் கேட்டதும் ஒவ்வொரு தலையாகத் திரும்பியது. ஒருவர் கூடையைக் கீழே வைத்துவிட்டு அவருக்கு எதிரே வந்து நின்றார். சட்டையைக் கழற்றி, மூச்சுக்குத் திணறி ஏறி இறங்கும் நெஞ்சைக் காட்டினார். அவருக்குப் பின்னால் இன்னொருவர் பொத்தான்களை அவிழ்க்கத் தொடங்கினார்.