மில் வாசல் தண்ணீர்

பாலய்யா துணிக்கிழிசலை இறுக்கி இழுத்தார். கொமரய்யாவின் கால் கட்டைவிரல்கள் இரண்டும் சேர்ந்துவிட்டன. முழங்கால்கள் சேரவில்லை. நடுவில் ஒரு தலையணை வைக்கலாம்.

"முழங்காலையும் அழுத்திக் கட்டுங்கடா. பாடையில நேரா கிடக்க வேணாமா?" என்றார்.

"வேணாம் சித்தப்பா," என்றாள் சைதம்மா. "எப்படி நடந்தாரோ அப்படியே போகட்டும்."

அவள் கால்களுக்கும் அப்பாவின் அதே வளைவுதான். இடுப்பில் இரண்டு வயது மகள் சின்னி.

"சரிம்மா. பாடைய ஒரு சாண் அகலமாக் கட்டணும், அவ்வளவுதானே. பஸ்ஸுலயும் ரெண்டு பேர் சீட்டு பிடிச்ச மனுசன்தான்."

யாரோ சிரித்து, உடனே அடக்கிக்கொண்டார்கள்.

நல்கொண்டா பக்கத்தில் வளைந்த கால் புதிதில்லை. ஃப்ளோரைடு கலந்த போர்வெல் தண்ணீர் எத்தனையோ பேரின் எலும்பைத் தின்றிருந்தது. கொமரய்யாவுக்கும் தண்ணீர்தான் என்று ஊர் சொன்னது, அவரும் நம்பினார். மகளின் காலும் வளையத் தொடங்கியதும் அவர் அந்தத் தண்ணீரை வீட்டுக்குள் விடவில்லை. ஆறு கிலோமீட்டர் தள்ளி, அவர் மூட்டை தூக்கிய அரிசி மில்லின் வாசலில் கிருஷ்ணா நதித் தண்ணீர்க் குழாய் இருந்தது. பகலெல்லாம் முதுகில் மூட்டை, சாயங்காலம் சைக்கிளில் இரண்டு கேன். மேட்டில் அவரால் மிதிக்க முடியாது. இறங்கித் தள்ளுவார். பத்து வருடம் தள்ளினார். அப்படியும் சைதம்மாவின் கால்கள் வளைந்தன.

"பரசு, குளிச்சிட்டு வா. குடம் தயார்," என்றார் பாலய்யா.

பரசு மாட்டுக்கொட்டகைச் சுவரில் சாய்ந்து நின்றான். கொள்ளி வைக்க வேண்டிய ஒரே மகன்.

"நான் தூக்க மாட்டேன்."

அக்காவைச் சுவருக்குப் பின்னால் இழுத்துப்போனான்.

"ஞாயித்துக்கிழமை நைனா வெளியூருக்கு லோடு ஏத்தப் போனா என்னைத்தானே தண்ணிக்கு அனுப்புவாரு? நான் மில்லுக்குப் போனதே இல்லக்கா. பள்ளிக்கூடத்து போர் பம்புல அடிச்சி நிரப்பிட்டு கோலி ஆடப் போயிருவேன். ஒருநாள், என்னடா தண்ணி கடுக்குதுன்னாரு. கேன் கழுவலன்னுட்டேன். உன் காலை வளைச்சது நான். இந்தக் கையாலயா அவருக்குக் கொள்ளி வைக்கிறது?"

வாசல் வழியாக அப்பாவின் பாதங்கள் தெரிந்தன. வளைவுக்குக் காரணம் தண்ணீர் இல்லை என்று சைதம்மா தெரிந்துகொண்டு ஒரு வருடமாகிறது. சின்னி நடக்கத் தடுமாறியபோது ஐதராபாத்தில் ஒரு டாக்டரிடம் கூட்டிப்போனாள். அப்பாவிடம் சொல்லவில்லை. 'தண்ணியாலதான்' என்பதைப் பிடித்துக்கொண்டு அத்தனை கேன் தள்ளியவரிடம், 'உன்னாலதான்' என்று எப்படிச் சொல்வது?

இப்போதும் அவர் காதில் விழுந்துவிடுமோ என்பதுபோலத்தான் பேசினாள்.

"தண்ணி இல்லடா. எலும்புக்குப் பாஸ்பேட்டுன்னு ஒரு உப்பு வேணுமாம். மத்தவங்க சிறுநீரகம் அதைப் பிடிச்சி வச்சிக்கும். எங்களுக்கு மூத்திரத்தோட ஓடிப்போகுது. சும்மா வைட்டமின் மாத்திரைக்கெல்லாம் நிக்காது. நைனாகிட்ட இருந்து எனக்கு. என்கிட்ட இருந்து இவளுக்கு. அப்பனுக்கு இருந்தா பொண்ணுங்க எல்லாத்துக்கும் வரும், மகன் ஒருத்தனுக்கும் வராதாம். நீயும் அந்தப் பம்புத் தண்ணியதானே குடிச்சே? உன் கால் வளைஞ்சிதா?"

பரசு தன் கால்களைப் பார்த்துக்கொண்டே நின்றான்.

"அப்போ... நைனா சுமந்த தண்ணி?"

அப்பா என்ன வேலை பார்க்கிறார் என்று ஐதராபாத் டாக்டர் கேட்டது சைதம்மாவுக்கு ஞாபகம் வந்தது. மூட்டை தூக்குறாரு, முக்கால் குவிண்டால் மூட்டை, லாரிப் பலகையில ஏறி, என்றாள். டாக்டர் எழுதிக்கொண்டிருந்த பேனாவைக் கீழே வைத்தார்.

"இந்த எலும்போடயா?"

பரசு கொட்டகைக்குள் போனான். பழைய கேன்கள் இரண்டையும் உருட்டி எடுத்துச் சைக்கிளில் கட்டினான்.

"எங்கடா கிளம்பிட்டே? பொணம் கிடக்குது!" பாலய்யா கத்தினார். "அந்தக் கிருஷ்ணா தண்ணிதான் இப்ப வீட்டுக் குழாயிலயே வருதே, கிறுக்கா!"

அவன் திரும்பிப் பார்க்கவில்லை.

இரண்டு மணி நேரம் எல்லாரும் காத்திருந்தார்கள். பிறகு மேட்டில் அவன் தலை தெரிந்தது. சைக்கிளில் கோளாறு ஒன்றும் இல்லை. இறங்கித் தள்ளிக்கொண்டு வந்தான்.

சுடுகாட்டில் அந்த மில் வாசல் தண்ணீரைத்தான் குடத்தில் ஊற்றினார்கள். தோளில் குடத்தோடு பரசு சிதையைச் சுற்றினான். முதல் சுற்றில் பாலய்யா அரிவாள் முனையால் குடத்தில் ஒரு துளை போட்டார். அடுத்த சுற்றில் இன்னொன்று. தண்ணீர் பரசுவின் முதுகில் இறங்கி, நேரான கால்கள் வழியே மண்ணுக்குப் போனது.

சைதம்மாவும் சுடுகாட்டுக்கு வந்திருந்தாள். சின்னிக்குப் பாஸ்பேட் மருந்து நேரம். ஒரு நாளைக்கு ஐந்து வேளை. ஊற்ற ஊற்றப் போகும், போகப் போக ஊற்ற வேண்டும். சைதம்மா பாட்டிலைத் திறந்து மூடியில் அளந்து கொடுத்தாள். குழந்தை முகத்தைச் சுளித்து விழுங்கியது.

மூன்றாவது சுற்று. குடத்தில் அடித்தண்ணீர்தான் மிச்சம். "சீக்கிரம் நடடா," என்றார் பாலய்யா. பரசு குடத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, தளும்பாமல், மெதுவாகவே நடந்தான்.