பதினாலாம் நாள்

வாப்பாவை வீட்டில் குளிப்பாட்டிக்கொண்டிருந்த நேரத்தில் ஜஹானா குண்டசாலைச் சந்தி கொமியூனிகேஷன் கடையில் நின்று பதினோரு பக்கம் பிரிண்ட் எடுத்துக்கொண்டிருந்தாள். எட்டாம் பக்கத்தில் மெஷின் தாளைக் கடித்துக்கொண்டது. கடைக்காரப் பெண் மூடியைத் திறந்து, கிழிந்ததைத் துண்டு துண்டாக எடுத்தாள். அவளுக்கென்ன அவசரம்.

வாப்பா லாபிர் சுபஹுத் தொழுகைக்கு எழும்பவில்லை. அறுபத்தெட்டு வயது, தூக்கத்திலேயே போய்விட்டார். நல்ல மௌத்து என்று வந்தவர்கள் சொன்னார்கள். நல்லதுதான், இன்றைக்குப் பார்த்துப் போயிருக்க வேண்டாம் என்று நினைத்தாள் ஜஹானா. நினைத்ததற்காகத் தன்மேலேயே வெறுப்பு வந்தது. வெறுத்துக்கொண்டே நேரத்தைப் பார்த்தாள். பதினொன்று பத்து.

வீடு யாருக்கு என்ற வழக்கு இன்னும் முடியவில்லை. அதற்குள் இரண்டு கிழமைக்கு முன் நீதிபதி ஒரு கட்டளை போட்டார். வழக்கு முடியும்வரை வீட்டின் முன்பக்க இரண்டு அறைகளையும் நிஸாமிடம் கொடுக்க வேண்டும், அதுவும் மாதக் கடைசிக்குள். வழக்குப் போட்ட நிஸாம் வாப்பாவின் சொந்தத் தம்பி.

"தீர்ப்பு வரட்டும், அப்ப மேன்முறையீடு செய்யலாம்தானே" என்றார் லாபிர்.

சட்டத்தரணி கலாராணி ஒத்துக்கொள்ளவில்லை. "தீர்ப்பு வர ஆறு வருசம் ஆகும் ஐயா. அதுவரைக்கும் அவங்க உள்ள இருப்பாங்க. இது நடுவுல குடுத்த கட்டளை. இதுக்கு நேரா மேன்முறையீடு போக முடியாது. முதல்ல மேல் நீதிமன்றத்துல அனுமதி கேக்கணும். அதுக்குப் பதினாலு நாள்தான் இருக்கு."

பதின்மூன்று நாளும் லாபிர் கையெழுத்து வைக்கவில்லை. நாளைக்கு என்றார். ஜும்ஆ கழியட்டும் என்றார். பேனை எழுதவில்லை என்றார். தம்பிக்கு எதிராக இன்னொரு கோட்டுப் படி ஏற அவருக்கு வெட்கம்.

இன்று காலை கலாராணி போனில் தயங்கித் தயங்கித்தான் பேசினார். "இந்த நேரத்துல இதப் பேச வேண்டியிருக்கு, மன்னிச்சுக்கங்க. அவருக்காகப் பேச வாப்பா எனக்குக் குடுத்த பிரொக்ஸி அவரோட முடிஞ்சுபோச்சு. வழக்குல அவரு எடத்துக்கு வேற ஆளப் போட மாசக்கணக்காகும். ஆனா உங்க உம்மா ரெண்டாவது பிரதிவாதி. அவங்க தனியாக் கேக்கலாம். நான் அனுப்புற சத்தியக்கடதாசிய பிரிண்ட் எடுத்து, ஒரு சமாதான நீதவான் முன்னால கையெழுத்து வாங்கி, இன்னைக்கு ரெண்டரைக்குள்ள கண்டியில என் கையில தந்துருங்க."

உம்மா சகீனா காலையிலேயே இத்தா இருக்க அறைக்குள் போய்விட்டார். நாலு மாதமும் பத்து நாளும் வீட்டைவிட்டு இறங்குவதில்லை, அந்நிய ஆண்கள் முன் வருவதில்லை. கொழுந்தன் நிஸாமும் அந்தக் கணக்கில் அந்நியர்தான். முன்னறைகள் அவர் கைக்குப் போனால் உம்மா குசினி அடுப்படியிலா உட்காருவார்? வேறு எதையும் ஜஹானாவால் யோசிக்க முடியவில்லை.

ஜனாஸாவுக்கு வந்திருந்த அஸ்ஃபர் ஹாஜியார் சமாதான நீதவான். ஜஹானா தாள்களோடு திரும்பி, அவரை அழைத்துக்கொண்டு உள்ளே வந்தபோது, வாப்பாவின் தங்கை ஸக்கியா மாமி அறை வாசலை மறித்தாள்.

"இத்தாக்காரிக்கு முன்னுக்கு ஆம்புளயக் கூட்டிட்டு வாறியா? ஒண்ட வாப்பா இன்னம் வீட்ட ஈக்கிறாரு."

"ஒரு கையெழுத்துதான் மாமி."

"யாருக்கு எதிரா? அவனும் எனக்குக் கூடப்பொறந்தவன்தான்."

கடைசியில் கதவுக்குத் திரை கட்டினார்கள். திரைக்குக் கீழே உம்மாவின் கை மட்டும் வந்தது. ஹாஜியார் பேனையை மூடினார். ஊருக்கெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு சீல் குத்துகிற மனிதருக்கு இன்றைக்குத்தான் சட்டம் ஞாபகம் வந்தது.

"கை யார்ட கையும் ஆகலாம் மகள். மொகம் பாக்காம அத்தாட்சி போட எனக்கு ஏலா."

திரை விலகியது. உம்மாவே விலக்கியிருந்தார்.

"ஹாஜியார், ஒங்கட மூணு மகள்மாருக்கும் நான்தானே குர்ஆன் ஓதிக் குடுத்த. மொகத்தப் பாத்துக்கொள்ளுங்க."

ஹாஜியார் ஒருமுறை பார்த்துவிட்டு, பிறகு தாளை மட்டுமே பார்த்தார். உம்மா என்ன எழுதியிருக்கிறது என்று கேட்கவில்லை. காட்டிய இடங்களில் எல்லாம் நிதானமாகக் கையெழுத்து வைத்தார்.

"அவரு வெக்காம ஈந்தாரு. நான் வெச்சிட்டேன்" என்று சொல்லித் திரையை இழுத்துக்கொண்டார். யாருக்குச் சொன்னார் என்று தெரியவில்லை.

கடைசியாக முகம் பார்க்கக் கூப்பிட்டார்கள். கஃபன் துணிக்குள் வாப்பாவின் முகம் சின்னதாக இருந்தது. ஜஹானா குனிந்து பார்த்தாள். ஏழாம் பக்கத்துக்குச் சீல் விழுந்ததா என்ற ஞாபகம்தான் வந்தது. நிமிர்ந்து, முந்தானைக்குள் தாள்களைப் புரட்டிப் பார்த்தாள். விழுந்திருந்தது. மறுபடி குனிவதற்குள் ஆண்கள் சந்தூக்குப் பெட்டியைத் தூக்கிவிட்டார்கள். பக்கத்தை எண்ணப் போய் வாப்பாவைச் சரியாகப் பார்க்காமல் விட்டது, இனி எந்தக் கோட்டிலும் போய்க் கேட்க முடியாத விஷயம்.

சந்தியில் நாலு பிரதி போட்டுவிட்டுத் த்ரீவீல் பிடித்தபோது ஒன்று இருபது. அவசரம் என்று சொல்லித்தான் ஏறினாள். பள்ளிவாசலைத் தாண்டும் முன்பே வண்டி நின்றது. லுஹர் தொழுகை முடிந்து ஜனாஸா வெளியே வந்து, பாதையைக் கடந்து அடக்குவதற்கு எதிர்ப்பக்க மையவாடிக்குப் போய்க்கொண்டிருந்தது. வீட்டுப் பெண்கள் யாரும் இதைப் பார்த்ததில்லை. உள்ளே இருந்து சத்தத்தை மட்டும்தான் கேட்டிருக்கிறார்கள்.

சந்தூக்கின் முன்கொம்பு நிஸாம் சாச்சாவின் தோளில் இருந்தது. வெயிலில் அவர் வாய் திறந்திருந்தது. வேறொருவர் வந்து கொம்பைப் பிடித்தார். சாச்சா தலையை ஆட்டி, விடாமல் நடந்தார். மூன்றடி தூரத்தில், அவர் பெயரை எதிராளியாகப் போட்ட தாள்கள் ஜஹானாவின் மடியில் இருந்தன.

"எடப்பக்கம் இடம் ஈக்கி, வெட்டி எடுக்கவா?" என்றான் டிரைவர். "அவசரம்னு சென்னீங்களே."

"வாணாம். எல்லாரும் போகட்டும்."

டிரைவர் எஞ்சினை நிறுத்தினான். கூட்டம் கடந்தது. அதன் பின்னால், அறுந்த செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு ஒரு முதியவர் தனியாக வந்தார். ஜஹானா அவருக்காகவும் காத்திருந்தாள்.